வீரனும் துரோகியும்: சங்கிலி, பண்டார வன்னியன் மரபுகளில் தோல்வியின் நினைவு

ஒரு சமூகம் தன் வெற்றிகளை நினைவுகூரும் முறையைவிடத் தன் தோல்விகளை நினைவுகூரும் முறையே அதன் மனப்பாங்கினைத் தெளிவாகக் காட்டுவதாகும். வெற்றிக்கு விளக்கம் வேண்டப்படுவதில்லை. தோல்விக்கோ விளக்கம் இன்றியமையாததாகிறது. எம்மவன் வீரன், எனினும் தோற்றான். இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே நிற்பதற்கு இடையில் மூன்றாவது கூற்றொன்று தேவைப்படுகின்றது. அந்த இடைவெளியை நிரப்புபவனாகவே எமது வரலாற்று நாடகங்களிலும் நாவல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் துரோகி வந்து சேர்கின்றான்.

வட இலங்கையின் வரலாற்றில் அந்நியப் படைகளிடம் தோல்வியுற்ற தலைவர்களுள் இருவர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகின்றனர். ஒருவன் 1619இல் போர்த்துக்கீசரிடம் யாழ்ப்பாண அரசை இழந்த சங்கிலி. மற்றவன் 1803இல் பிரித்தானியரை எதிர்த்த வன்னித் தலைவனாகிய பண்டார வன்னியன். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 184 ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வாறாயினும் இருவரையும் காட்டிக்கொடுத்தவன் பெயர் மரபிலே ஒன்றாகவே இருக்கின்றது. அப்பெயர் காக்கைவன்னியன் என்பதாகும். இப்பெயரொற்றுமை தற்செயலானதெனத் தள்ளிவிடத்தக்கதன்று. வரலாறு எவ்வாறு கதையாகின்றது என்பதையும், அவ்வாறு கதையாகும்போது எவை கைவிடப்படுகின்றன என்பதையும் விளங்கிக்கொள்வதற்கு இது நல்லதோர் வாயிலாகும். அவ்வாயிலின் வழியே இவ்விரு மரபுகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வைபவமாலை காட்டும் சங்கிலி

சங்கிலி பற்றிய உள்நாட்டு மரபுக்குத் தலையாய ஆதாரமாக அமைவது மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட நூல் இது. கைலாயமாலை, வையாபாடல் முதலிய முன்னைய நூல்களைத் தழுவி எழுந்ததாக அது தன்னைத் தானே அறிமுகப்படுத்திக் கொள்கின்றது. எனவே 1619ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கும் இந்நூலுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளியும், முற்றாக ஓர் ஆட்சி மாற்றமும் உள்ளன என்பது மனங்கொளத்தக்கது.

இந்நூலில் ஒரேயொரு சங்கிலியே வருகின்றான். ஆனால் போர்த்துக்கீசர் ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்தோர் இரு சங்கிலியரை இனங்கண்டுள்ளனர். முதலாமவன் 1519 தொடக்கம் 1561 வரை ஆட்சி புரிந்தவன். 1544இல் மன்னாரிற் கத்தோலிக்க மதம் தழுவியோரைக் கொல்வித்தவன். 1560இல் போர்த்துக்கீசப் படை நல்லூரைத் தாக்கிய காலத்திலும் அரசு முற்றாக வீழாது தப்பியவன். இரண்டாமவனாகிய சங்கிலி குமாரன் 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619இல் பிலிப் டி ஒலிவேராவின் படையிடம் தோற்றவன். 75 ஆண்டுகள் இடைவெளி கொண்ட இரு நிகழ்ச்சிகளை, அஃதாவது மன்னாரிற் சிந்திய குருதியையும் நல்லூரின் வீழ்ச்சியையும், மரபு ஒருவன் தலையிலேயே ஏற்றிவைத்தது. இவ்விணைப்பினால் விளைந்த பயன் யாது? ஒருவன் செய்தான், அவனே அநுபவித்தான் என்னும் ஒழுக்கவியற் கதையொன்று கிடைத்தது. இடையில் நிகழ்ந்த முக்கால் நூற்றாண்டு அரசியல் மாற்றங்கள் அக்கதையினுள் மறைந்துபோயின.

அதனினும் கவனிக்க வேண்டியது பிறிதொன்றுண்டு. வைபவமாலையின் சங்கிலி வீரன் அல்லன். அவன் அரசனின் வைப்புப்பெண் வயிற்றுப் பிள்ளையாகவும், உரிமையுள்ள அரசகுமாரரை நஞ்சூட்டியும் வாளால் வெட்டியும் அகற்றியவனாகவும், குடிகளை வருத்தியவனாகவுமே சித்திரிக்கப்படுகின்றான். அரசு பரங்கியர் கையிலும், பின்னர் ஒல்லாந்தர் கையிலும் செல்லும் என்பதைச் சுபதிட்ட முனிவர் முன்கூட்டியே உரைத்துவிட்டதாகவும் நூல் கூறும். ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தலைவனான காக்கைவன்னியன் சூழ்ச்சியால் அரசனைப் பிடித்துக் கொடுப்பதும் இந்நூலிலேயே இடம்பெறுகின்றது. எனவே 18ஆம் நூற்றாண்டு மரபில் தோல்விக்கு மூன்று விளக்கங்கள் அடுக்கப்பட்டிருந்தன: அரசனின் கொடுமை, முனிவரின் வாக்கு, துணைத்தலைவனின் சூழ்ச்சி. துரோகி அங்கு இருந்தான். ஆனால் வீரன் அங்கு இன்னும் பிறக்கவில்லை.

2. கொடுங்கோலன் வீரனாதல்

20ஆம் நூற்றாண்டிலேயே சங்கிலி வீரனாக மறுபிறப்பு எடுத்தான். 1926இல் முதலியார் செ. இராசநாயகத்தின் ஆங்கில நூலும், 1928இல் சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் வெளிவந்த காலம் முதல், யாழ்ப்பாண அரசு பற்றிய அறிவு புதிய ஆதாரங்களின்மேற் கட்டப்படலாயிற்று. 1687இல் குவேறோஸ் பாதிரியார் போர்த்துக்கீச மொழியில் எழுதிமுடித்த பெருநூல் 1930இல் ஆங்கிலத்திற் கிடைத்தமை இதற்குப் பேருதவியாயிற்று. வரலாறு இவ்வாறு நுணுக்கம் பெற்றுவந்த அதே காலப்பகுதியில் தேசிய உணர்ச்சியும் வளர்ந்தது. மொழியுரிமை அரசியலின் மையப் பிரச்சினையான 1956ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களின் சங்கிலி நாடகம் நூலுருவம் பெற்றது. 1974இல் நல்லூர் முத்திரைச் சந்தியிற் சங்கிலிக்குச் சிலை நிறுவப்பட்டது. அச்சிலை 2011இற் புதிய சிலையால் ஈடுசெய்யப்பட்டது.

இம்மாற்றத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிடுதல் எளிது; ஆனால் சரியன்று. அந்நிய ஆட்சிக்கு எதிரான கடைசி அரசனை ஒரு மக்கட்கூட்டம் தன் அடையாளமாகக் கொள்வது இயல்பே. அரச ஆவணங்களில் தமக்கெனக் குரல் இல்லாதார், சிலையிலும் நாடகத்திலும் தம் குரலைத் தேடிக்கொள்கின்றனர். ஆயினும் வீரன் வளரும்போது துரோகியும் உடன் வளர்கின்றான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கொடுங்கோலனைப் பிடித்துக் கொடுத்தவன் ஒரு சூழ்ச்சிக்காரன் மாத்திரமே. இனத்தின் வீரனைப் பிடித்துக் கொடுத்தவனோ இனத்துரோகியாகின்றான். காக்கைவன்னியன் செய்ததாகச் சொல்லப்படும் செயல் மாறவில்லை. அவனால் வீழ்த்தப்பட்டவனின் மதிப்பு மாறியமையால் அவனது குற்றத்தின் பருமன் மாறியது.

குவேறோஸ் தரும் விவரமோ வேறுவகையானது. அதன்படி சங்கிலி குமாரன் தோல்விக்குப் பின் கடல்வழியாகத் தப்பிச் செல்ல முயன்றபோது பிடிபட்டான். கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு மரணதண்டனைக்கு முன்னர் ஞானஸ்நானம் பெற்றான். வென்றவர் தரப்பில் நின்று எழுதும் பாதிரியாரின் கூற்றையும் நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. வீழ்ந்த அரசன் மதம் மாறி இறந்தான் என்பது அவர்தம் வெற்றிக் கதைக்கு உகந்த முடிவாகும். எனினும் தோல்விக்கு ஒரு தனிமனிதனின் காட்டிக்கொடுப்பு இன்றியமையாததன்று என்பதை அவ்விவரம் எமக்கு நினைவூட்டுகின்றது.

3. கச்சிலைமடுக் கல்

பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டியோர் அவனைச் சார்ந்தோரே. அதன் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் முதலிய படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையில் வைத்து எண்ணுகின்றது. நடுகல்லிலே பீடும் பெயரும் எழுதியோர் தோற்றவனின் உறவினராயிருந்தனர்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கச்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் இதற்கு நேர்மாறானது. 1803 ஒக்ரோபர் 31ஆந் திகதி இவ்விடத்தருகே கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதன் செய்தி. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அக்கல்லிற் பெயர்ப் பெருமை பெறுபவன் வென்ற அதிகாரி. வன்னியன் அவ்வெற்றிக்குரிய செயப்படுபொருள் மாத்திரமே. ஆயினும் நடந்தது யாது? அதிகாரியின் பெயரை இன்று அக்கல்லின் பொருட்டே சிலர் அறிவர். தோற்றவனின் பெயரோ பிற்காலத்தில் நாடகமாகவும் நாவலாகவும் விழாவாகவும் வளர்ந்தது. வென்றவன் தன் பெருமைக்கென நாட்டிய கல்லைத் தோற்றவனின் நடுகல்லாக மக்கள் வாசித்துக்கொண்டனர். 2010இல் அக்கல் சிதைக்கப்பட்டமை, அதன் பொருள் எவ்வளவு தூரம் மாறிவிட்டது என்பதற்கே சான்றாகும்.

அக்கல் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. அதே ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி பண்டார வன்னியன் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியர் நிலையைத் தாக்கினான். அந்நிலைக்குப் பொறுப்பாயிருந்த ட்றிபேர்க் தன் படையினருடன் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்க நேர்ந்தது. ஒக்ரோபரில் நிகழ்ந்தது முன்னர் தோற்றோடிய ஒருவனின் பதிலடியாகும். கல்லில் ஒக்ரோபர் உள்ளது, ஓகஸ்ட் இல்லை. மேலும் கல் பேசுவது தோல்வியைப் பற்றியேயன்றி மரணத்தைப் பற்றியன்று. அவனது முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. எனினும் பொது நினைவில் தோல்வி நாளும் இறப்பு நாளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. களத்தில் வீழாத வீரன் கதைக்கு நிறைவு தருவதில்லை போலும்.

4. காக்கைவன்னியனின் இரண்டாம் வருகை

வன்னிப் பிரதேசத்துக் கதைமரபில் பண்டார வன்னியனின் தோல்விக்குச் சொல்லப்படும் காரணம் யாவரும் அறிந்ததே. வன்னியனின் தங்கையை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட காக்கைவன்னியன் பகைமை கொண்டு, வெள்ளையருடன் கூடி அவனைக் காட்டிக்கொடுத்தான் என்பது அக்கதை. முல்லைமணி என்னும் புனைபெயரில் எழுதிய வே. சுப்பிரமணியம் 1960களில் ஆக்கிய பண்டார வன்னியன் நாடகம் இவ்வீரனின் கதையைப் பரந்த மக்களிடம் கொண்டுசென்றது. பின்னர் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி அவனை நாயகனாக்கி நாவலொன்று எழுதினார். 1982இல் வவுனியாவில் அவனுக்குச் சிலையும் எழுந்தது.

1619இன் துரோகி 1803இல் மீண்டும் தோன்றுவது எங்ஙனம்? ஒரே பெயருடைய இருவர் இருந்திருத்தல் கூடும் என வாதிக்கலாம். ஆனால் வாய்மொழி மரபு இயங்கும் விதத்தை அறிந்தோர்க்கு வேறு விளக்கம் பொருத்தமாகத் தோன்றும். வாய்மொழி மரபில் நிகழ்ச்சிகள் தனித்தனி வாழ்வதில்லை; முன்னரே உருவாகியுள்ள கதைச் சட்டகத்தினுள் அவை புகுந்து வடிவம் பெறுகின்றன. அரசன், அவனது பெருமை, மணமறுப்பு, அவமானம், பகைவனுடன் கூட்டு, வஞ்சகத்தால் வீழ்ச்சி என்னும் சட்டகத்தில் துரோகிக்குரிய இடம் ஏற்கனவே ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விடத்துக்குரிய பெயரும் வழக்கிலுள்ளது. புதிய நிகழ்ச்சி வந்து சேரும்போது பழைய பெயர் தானாகவே அதனுடன் ஒட்டிக்கொள்கின்றது. காக்கைவன்னியன் என்பது இங்கு ஒரு மனிதனின் பெயர் என்பதைவிட ஒரு பாத்திரத்தின் பெயர் என்பதே பொருந்தும்.

தமிழகத்திலும் இத்தகையதொரு நிலையைக் காணலாம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 ஒக்ரோபர் 16ஆந் திகதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லையில். அவனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்ததும் தொண்டைமான் தரப்பினரே. ஆயினும் தமிழ் வழக்கில் துரோகத்துக்கு மறுபெயராக நிலைத்தது தொண்டைமானின் பெயரன்று. எட்டயபுரத்து எட்டப்பனின் பெயரே. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே நெடுநாள் எல்லைத் தகராறு நிலவியது. அயற்பாளையத்தவனின் பழம்பகை துரோகியின் இடத்துக்கு மிகப் பொருத்தமாய் அமைந்தது. 1959இல் வெளியான திரைப்படம் அதனை ஈழம் உட்படத் தமிழர் வாழும் இடமெங்கும் பரப்பியது. யார் பிடித்துக் கொடுத்தார் என்பதைவிட, யாரைத் துரோகியாக்கினால் கதை சிறக்கும் என்பதே நினைவைத் தீர்மானிக்கின்றது.

5. துரோகி மறைப்பவை

வஞ்சகம் வரலாற்றில் நிகழ்வதில்லை என்பது எமது வாதமன்று. அது எல்லாக் காலத்தும் எல்லாத் தரப்பிலும் நிகழ்ந்துள்ளது. எமது வினா வேறு: துரோகி என்னும் விளக்கத்தை ஏற்றுக்கொண்டதும் நாம் எவற்றை விசாரியாது விடுகின்றோம்?

1619ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். 1560 முதல் மன்னார் போர்த்துக்கீசர் கையில் இருந்தது. 1591இல் அவர்கள் நல்லூர் மீது படையெடுத்து, அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தாமே அரியணையில் அமர்த்தினர். ஆகவே கடைசி 28 ஆண்டுகளாக யாழ்ப்பாண அரசு முழுச் சுதந்திரமுடைய அரசாக இருக்கவில்லை. கடற்பாதை பகைவர் வசமாயிற்று. அரியணைக்குரியவன் குழந்தையாயிருக்க, பதிலாளனாயிருந்தவனைக் கொன்று அதிகாரத்தைப் பற்றிய சங்கிலி குமாரனுக்கு நாட்டினுள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. அதனை அடக்கத் தஞ்சை நாயக்கரின் உதவியை அவன் நாட வேண்டியிருந்தது. அரசுரிமைப் பூசலும், கடலாதிக்க இழப்பும், ஆளும் வர்க்கத்தினரின் பிளவும், வெளியுதவியில் தங்கியிருந்த நிலையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் ஒரு துணைத்தலைவனின் சூழ்ச்சி நிகழ்ந்திருந்தாலும் அது கடைசித் துளியே, வெள்ளமன்று.

1803ஐ நோக்குமிடத்தும் இவ்வாறே. 1780களில் ஒல்லாந்தர் வன்னித் தலைவர்களின் அதிகாரத்தைப் பெரிதும் முறித்திருந்தனர். யானைத் திறையில் தங்கியிருந்த குறுநிலத் தலைமைகள் தமக்குள் ஒன்றுபட்ட அரசியல் அமைப்பு எதனையும் கொண்டிருக்கவில்லை. பிரித்தானியர் துறைமுகங்கள் அனைத்தையும் தம் கையில் வைத்திருந்தனர். ஒரு நிலையை இழந்தாலும் கடல்வழியே மீண்டும் படை சேர்க்க அவர்களால் இயன்றது. முல்லைத்தீவை விட்டகன்ற ட்றிபேர்க் இரு மாதங்களில் திரும்பிவர இயன்றமையே இதற்குப் போதிய சான்று. பிரித்தானியர் தரப்புக் குறிப்புகள் கச்சிலைமடு நிகழ்ச்சியை எதிர்பாராத அதிகாலைத் தாக்குதலாகவே விவரிக்கின்றன.

மறைக்கப்படுவன தோல்வியின் காரணங்கள் மட்டுமல்ல. போராட்டத்தின் கூட்டாளிகளும் மறைக்கப்படுகின்றனர். 1803 யூனில் கண்டி நகரிலிருந்த பிரித்தானியப் படை அழிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து கண்டியரசின் படைகள் பல முனைகளிற் கரையோரத்தை நோக்கிப் பாய்ந்த காலத்திலேயே முல்லைத்தீவுத் தாக்குதல் நிகழ்ந்தது. பண்டார வன்னியன் கண்டியரின் துணையுடனேயே அதனை நடத்தினான். வன்னித் தமிழ்த் தலைவனும் கண்டிச் சிங்களப் போர்வீரரும் ஒரே பகைவனை எதிர்த்து ஓரணியில் நின்ற நிகழ்ச்சி அது. பிற்கால இனவாத அரசியலின் இரு தரப்பாருக்கும் இச்செய்தி உவப்பானதன்று. ஆகவே அது பின்னொதுக்கப்பட்டது. துரோகி மேடையின் நடுவுக்கு வந்தபோது கூட்டாளி திரைக்குப் பின்னே சென்றுவிட்டான்.

பெண்கள் நிலையும் கருதத்தக்கது. நாடக மரபில் வன்னியனின் காதலியான குருவிச்சி நாச்சியாரும், துரோகத்துக்குக் காரணமாகக் காட்டப்படும் தங்கையும் சிறப்பிடம் பெறுகின்றனர். ஆனால் 1780களில் ஒல்லாந்தரைக் கடுமையாக எதிர்த்து நின்று, சிறைப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட வன்னிச்சி மரியா செம்பாத்தே ஆவணங்களில் இருந்தும் மக்கள் நினைவில் அவ்வளவாக இடம்பெறவில்லை. காதலியாகவோ தங்கையாகவோ அமையாத பெண்ணுக்குக் கதைச் சட்டகத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. காடு வெட்டிப் பாதை அமைத்தோரும், படைக்கு நெல் கொடுத்த குடியானவரும், போரின் பின் தண்டனையை அநுபவித்தோரும் பெயரற்றோராகவே எஞ்சினர்.

6. ஒரு சொல்லின் வரலாறு

துரோகி என்னும் சொல் எப்பொழுதும் தோற்றவர் கையில் மாத்திரம் இருந்ததில்லை. 1818இல் கண்டிப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியின்போது ஆள்பதி பிரவுன்றிக் கெப்பெட்டிப்பொல முதலிய தலைவர்களை இராசத்துரோகிகள் எனப் பிரகடனம் செய்தார். அப்பிரகடனம் 2016இல் இலங்கை அரசால் இரத்துச் செய்யப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் அவர்களை வீரர்களாகக் கொண்டிருந்தனர். அரசு சூட்டிய துரோகிப் பட்டத்தை வரலாறு வீரப்பட்டமாக மாற்றியது. ஆனால் ஒரு சமூகம் தன் உறுப்பினர்மீதே சூட்டும் பட்டத்தை மாற்றுவதற்கு அத்தகைய பிரகடனம் எதுவும் போதாது.

ஈழத்தமிழர் அண்மைய வரலாற்றில் இப்பட்டம் வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. யாழ்ப்பாண மாநகர முதல்வராயிருந்த அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆந் திகதி சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன்னர் அரசியல் மேடைகளில் துரோகியென்றே வருணிக்கப்பட்டார். அதன்பின் 2009இல் போர் முடியும்வரை அரசியல்வாதிகள், ஆசிரியர்கள், மாற்றியக்கத்தினர், சாதாரண குடிமக்கள் எனப் பலர் இச்சொல்லின் நிழலிலேயே மாண்டனர். எமது வரலாற்று நாடகங்களே இதற்குக் காரணம் எனக் கூறுதல் மிகையாகும். ஒடுக்குமுறையும் போரும் தம்மளவிலேயே இத்தகைய கொடுமைகளை ஈனக்கூடியன. எனினும் ஒவ்வொரு தோல்வியும் காட்டிக்கொடுத்தவன் ஒருவனாலேயே நேர்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மனம், தன் காலத்துத் தோல்விக்கும் முதலில் ஒரு காக்கைவன்னியனையே தேடும். கருத்து வேறுபாட்டைத் துரோகமாக வாசிக்கும் பழக்கம் கதைகளிலிருந்தும் ஊட்டம் பெறுகின்றது என்பதை மறுக்கவியலாது.

7. முடிபாகச் சில

கதைகளை ஒழித்து ஆவணங்களை மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது இதற்குத் தீர்வாகாது. ஆவணங்களும் ஒருவகைக் கதைகளே என்பதைக் கச்சிலைமடுக் கல்லே காட்டி நிற்கின்றது. ஓகஸ்டை மறந்து ஒக்ரோபரை மட்டும் பொறித்தது மக்கள் கற்பனையன்று, அரசாங்கக் கல்வெட்டே. மறுபுறம், வைபவமாலையும் வன்னி நாடகமும் 1619இலும் 1803இலும் நிகழ்ந்தவற்றுக்கு நம்பத்தகுந்த சாட்சிகள் அல்ல எனினும், 1736இலும் 1960களிலும் மக்கள் எவற்றை நினைத்தனர், எவற்றுக்கு அஞ்சினர், எவற்றை விரும்பினர் என்பதற்கு உயர்ந்த சாட்சிகளாகும். ஒவ்வோர் ஆதாரத்தையும் அது பேசும் காலத்துக்கன்றி அது பிறந்த காலத்துக்கு முதலிற் சாட்சியாகக் கொள்வோமாயின், வரலாறும் புனைவும் ஒன்றையொன்று பொய்ப்பியாது ஒன்றையொன்று விளக்கும்.

அத்தகைய வாசிப்பு ஆய்வாளருக்கும் படைப்பாளிக்கும் ஒருங்கே பணியொன்றை விதிக்கின்றது. துறைமுகங்களின் கட்டுப்பாடு, திறைமுறை, வாரிசுரிமைப் பூசல், குளங்களின் நிலை, குடிகளின் மனக்குறை என்பவற்றை ஆய்வாளர் வெளிக்கொணர்தல் வேண்டும். அவற்றை மேடைக்குரிய மனித உறவுகளாக மாற்றிக் காட்டும் ஆற்றல் படைப்பாளிக்கு வாய்த்தல் வேண்டும். கண்டி வீரனும் வன்னி வீரனும் அருகருகே நின்று முல்லைத்தீவை நோக்கி நடக்கும் காட்சியை எமது நாடகம் இன்னும் முழுமையாகக் காணவில்லை. சிறைப்பட்ட வன்னிச்சி கொழும்பிற் கழித்த நாட்களை எமது நாவல் இன்னும் தீண்டவில்லை. வீரனை நாம் இழக்க வேண்டியதில்லை. அவனைச் சூழ நின்ற மனிதரை மீட்டெடுப்போமாயின் அவன் தோல்வி விளங்கும். தோல்வி விளங்குமிடத்துத் துரோகியின் தேவை தானே குறையும்.